பணிநிறைவு மேடையும் பதிவுசெய்த வகுப்பும்: நம் பேராசிரியர்கள் எதற்காகப் புலம்புகிறார்கள்?

தாமிரபரணிக் கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு பணிநிறைவுப் பாராட்டு விழா. பொன்னாடை, சந்தன மாலை, வழக்கமான பேச்சுகள். மேடையேறிய அத்தனை பேரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். குறிப்புத் தாள்கூட இல்லாமல் ஒற்றைச் சாக்பீசுடன் ஒரு மணி நேரம் நடத்திய அந்தக் கால ஆசிரியர்கள், மூச்சுக் காட்டாமல் கேட்ட மாணவர்கள், கண்டிப்பு, கனிவு இத்யாதி.

மறுநாள் காலையில் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொருவரும் தாம் நடத்தும் தாளின் ஐந்து அலகுகளையும் காணொளியாகப் பதிவுசெய்து, பருவம் முடிவதற்குள் கல்லூரித் தளத்தில் ஏற்ற வேண்டும். விழாவில் கைதட்டிய அதே கூட்டம் ஆசிரியர் ஓய்வறையில் பொருமித் தீர்த்தது. சொன்ன காரணங்கள் எல்லாம் முந்தின நாள் மேடைப் பேச்சின் மிச்சம்தான். முதல்வரிடம் போய் அதையே சொன்னார்கள். அவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "காலத்துக்கேற்ப மாற வேண்டாமா சார்?" என்று அனுப்பிவைத்தார்.

நம்மிடம் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. அதை ஏக்கமாகச் சொல்லி நாமே கெடுத்துக்கொள்கிறோம் என்பது என் கட்சி.

கருவிகள் நமக்குப் புதியவை அல்ல. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 'கன்ட்ரிவைடு கிளாஸ்ரூம்' என்ற பாட நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கியது. பெரும்பாலும் ஆங்கிலத்தில். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. அதற்காகக் கல்லூரிகளில் அறை ஒதுக்கினார்கள், திரை மாட்டினார்கள். நான் அறிந்த ஓர் அறை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. சாவி அலுவலகத்தில் இருக்கும், அலுவலகத்தில் கேட்டால் உதவியாளர் விடுப்பில் இருப்பார். 2010இல் செயற்கைக்கோளே ஓய்வுபெற்றுவிட்டது. அந்தக் கருவிகள் எதுவும் எந்த ஆசிரியர் இடத்தையும் தொடவில்லை, ஏனென்றால் அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

இப்போது நிலைமை வேறு. ஒன்றிய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியாக, மதிப்பெண்ணோடு ஒரு பருவத்துத் தாள்களில் 20 விழுக்காடு வரை எடுக்கலாம் என்று 2016இல் விதி வந்தது. 2021இல் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. ஐந்து தாளில் இரண்டு! அந்த இரண்டு தாளுக்குரிய ஆசிரியர் பணியிடம் என்னவாகும் என்பதல்லவா நாம் முதல்வரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி?

நேரடி வகுப்பில் எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாமாண்டு ரியல் அனாலிசிஸ், சார்பின் எல்லைக்கான (லிமிட்) எப்சிலான்–டெல்டா வரையறை. 'எப்சிலானை எதிராளி கொடுப்பான், டெல்டாவை நாம் தேட வேண்டும்' என்ற இடத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு பேனா நின்றுவிடும். அதைக் கண்டால் நான் வரையறையை விட்டுவிட்டு 'மூன்று எக்ஸ் கூட்டல் ஒன்று' என்ற சார்பைப் பலகையில் எழுதுவேன். எப்சிலான் 0.3 என்றால் டெல்டா 0.1 போதும், 0.03 என்றால் 0.01 போதும். அடுத்ததை அவர்களே சொல்வார்கள். பேனா மறுபடி ஓடத் தொடங்கும். காணொளிக்கு அந்தப் பேனா தெரியாது. என் வாதம் அவ்வளவுதான், சாக்பீஸ் தூசிக்கு இதில் வேலை இல்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

---

டிப்போ பட்டதாரி

வணக்கம் ஐயா. மேடைப் பேச்சில் வரும் பொற்காலத்தில் என்னைப் போன்றவனுக்கு இடமே இருந்ததில்லை என்பதை முதலில் பதிவுசெய்கிறேன்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து அஞ்சல் வழியில் வரலாறு படித்தவன். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரையில் 1971, அண்ணாமலையில் 1979, சென்னையில் 1981. நான் எதில் படித்தேன் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அடுத்த பத்தி கொஞ்சம் காரமானது.

பாடக் கட்டு தபாலில் வரும். பழுப்புத் தாள், ஒரு பக்க அச்சு மறுபக்கம் தெரியும். முதல் சிங்கிள் எடுப்பதற்கு முன் டிப்போ ஓய்வறையில் பெஞ்சில் படுத்துக்கொண்டு படிப்பேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. தொடர்பு வகுப்பு என்று சனி, ஞாயிறுகளில் வைப்பார்கள். விடுப்புக்கு ஆள் மாற்றிக்கொண்டு, பஸ்ஸில் மூன்று மணி நேரம் போய் உட்கார்ந்தால், வருகிறவர் வாரநாளில் ரெகுலர் கல்லூரியில் நடத்தும் பேராசிரியர். நீங்கள் விழாவில் புகழ்கிற அதே தலைமுறை. 'முக்கியமான கேள்விகள்' என்று பதினைந்தைக் குறித்துக்கொடுத்துவிட்டுத் தேநீர் இடைவேளையோடு கிளம்பிவிடுவார். எங்கள் முகத்தைப் பார்த்து நடத்தும் கலை அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று?

ஒரே ஒருவர் விதிவிலக்கு. மதிய உணவுக்குப் பிறகும் இருந்தார். ரயத்துவாரி முறைக்கும் ஜமீன்தாரி முறைக்கும் வேறுபாட்டை, அங்கே இருந்த ஒரு விவசாயியின் பட்டாவைக் கேட்டு வாங்கி அதை வைத்து விளக்கினார். அன்று சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆகவே தொலைவு, காணொளி, தபால் எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும், அவர் மதியமும் இருக்க வேண்டும். நேரடி வகுப்பு என்று பலகை மாட்டிவிட்டால் மட்டும் அது நடந்துவிடாது.

---

ஆறாம் செமஸ்டர்

இரண்டு ஐயாக்களுக்கும் வணக்கம். நான் பொறியியல் மூன்றாமாண்டு. நின்றுபோன பேனாவைப் பார்க்கும் ஆசிரியர் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்குப் பெரும்பாலும் பிபிடியைப் பார்த்து வாசிப்பார்கள். ஒரு தாளுக்கு வந்த பிபிடியின் கடைசிப் பக்கத்தில் வேறொரு மாநிலக் கல்லூரியின் முத்திரையைக்கூட அழிக்கவில்லை. அப்படிப்பட்ட வகுப்புக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு கட்டாயம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். முதல் செமஸ்டரில் ஆசிரியர் பேசிய ஆங்கிலம் காதில் விழும், மண்டைக்குள் போகாது. எழுந்து 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்டால் பின்வரிசை சிரிக்கும். என்னைக் கரையேற்றியது, ஐஐடிகள் இணையத்தில் இலவசமாகத் தரும் என்பிடெல் காணொளிதான். 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பாடத்தை முதல் தடவை 0.75 வேகத்தில் பார்ப்பேன், புரியாத வரியில் நிறுத்தி அகராதி பார்ப்பேன், இரண்டாம் தடவை 1.5 வேகம். நிறுத்தினால் கோபித்துக்கொள்ளாத ஆசிரியர் எனக்கு வாழ்க்கையில் முதலில் கிடைத்தது அப்போதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே என்பிடெல்லை மதிப்பெண்ணுக்காக எடுக்கச் சொன்னபோது கூத்தாகிவிட்டது. வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட் விடைகள் கடைசித் தேதிக்கு முன்பே டெலிகிராமில் வந்துவிடும். காணொளியைத் திறக்காமலேயே 25இல் 24 வாங்கியவர்கள் எங்கள் வகுப்பில் ஏராளம். துறையில் எத்தனை 'எலைட்' சான்றிதழ், எத்தனை 'சில்வர்' சான்றிதழ் என்று நுழைவாயிலில் பதாகை வைத்தார்கள். யார் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

விருப்பப்பட்டுப் பார்த்தபோது கிடைத்த பயன் கட்டாயமானபோது காணாமல் போனது ஏன்? பெரியவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

பிரிவேளைக் கூலி

இந்த இழையில் கௌரவ விரிவுரையாளர் யாரும் இன்னும் பேசவில்லை போலிருக்கிறது. பேசுகிறேன்.

ஏக்கப்படுவதற்கும் ஒரு நிரந்தர வேலை வேண்டும். யுஜிசி 2019இல் எங்களுக்குச் சொன்ன உச்சவரம்பு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கைக்கு வந்தது அதில் பாதி, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். தனியார் கல்லூரிகளைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

2020 ஊரடங்கின்போது நான் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் துறையில் இருந்தேன். வருமான வரித் தாள் என்னுடையது. குழந்தை தூங்கிய பிறகு, செல்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்துப் பதிவுசெய்வேன். மின்விசிறிச் சத்தம் பதிவாகிறது என்று அதை நிறுத்திவிடுவேன். மே மாதத்தில். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கும் இடங்களை வெட்டக்கூட எனக்குத் தெரியாது, அப்படியே ஏற்றினேன். அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை குறைந்ததென்று என்னை நிறுத்திவிட்டார்கள்.

சென்ற ஆண்டு பஸ் நிலையத்தில் ஒரு பெண் வந்து "மேடம், உங்கள் கிளாஸ்தான் எங்களுக்கு ஓடியது" என்றாள். அவள் வகுப்பை நான் கண்ணால் கண்டதில்லை. வேலையை விட்டு அனுப்பிய பிறகும் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன், சம்பளம் மட்டும்தான் இல்லை!

என் பணம் போனதை விடுங்கள். வருமான வரி ஆண்டுதோறும் பட்ஜெட்டில் மாறும் பாடம். நான் பதிவுசெய்தபோது புதிய வரிமுறை அப்போதுதான் அறிமுகமாகியிருந்தது. 2023 பட்ஜெட் அதையே இயல்பு முறையாக்கிவிட்டது. 2024இல் அந்த முறையில் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்சன்) 50,000இலிருந்து 75,000 ஆனது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டமே 2025இல் நிறைவேறிவிட்டது. காணொளியில் இருக்கும் நான் மட்டும் 2020இலேயே நின்றுகொண்டு வியர்த்தபடி பழைய கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் எந்த ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்வாள்?

இது தமிழ்நாட்டு அவலம் மட்டும் இல்லை. கனடாவில் மான்ட்ரியலில் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் ஒரு மாணவர் கலை வரலாற்றுப் பாடத்தை இணையத்தில் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியரிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்று மின்னஞ்சல் முகவரி தேடியபோது கிடைத்தது மரண அறிவிப்பு. பேராசிரியர் பிரான்சுவா-மார்க் காஞோன் 2019லேயே காலமாகியிருந்தார். விடைத்தாள் திருத்த வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாணவர் கேள்வி கேட்க நினைத்தது அவரிடம்.

தாமிரபரணி ஐயா சுற்றறிக்கைக்குப் பதில் எழுதும்போது இந்தப் பக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

---

தரவுக் கிடங்கு

நான் எதிர்க்கட்சி. கல்லூரிகளுக்கு இணையக் கற்பித்தல் தளம் அமைத்துக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கல் எறிவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

மேடம் சொன்னது அநியாயம், மறுப்பில்லை. ஆனால் அது நிர்வாகத்தின் அநியாயம், பதிவின் குற்றமில்லை. நன்றாக நடக்கும் இடங்களும் இருக்கின்றன. ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை முழுக்க இணையத்தில் தொடங்கியது. முழுப் படிப்புக்கும் கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர். வேலையை விட்டுவிட்டு வளாகத்துக்குப் போக முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் அதில் படித்து முடித்தார்கள். சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பட்டம் 2020இல் வந்தது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதாதவர்களும் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். காணொளி இணையத்தில், தேர்வு நேரில். டிப்போ பட்டதாரி ஐயா இன்று இருபது வயதில் இருந்திருந்தால் தபால் கட்டுக்குக் காத்திருக்காமல் இதில் சேர்ந்திருப்பார்.

ஒரு கல்லூரியில் சுமாராக நடக்கும் பாடத்தை, நாட்டிலேயே சிறப்பாக நடத்துபவர் ஒருமுறை பதிவுசெய்து எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கு நட்டம்? ஆறாம் செமஸ்டர் தம்பியே சாட்சி சொல்லிவிட்டார். பிபிடி வாசிக்கும் ஆசிரியரின் பெருமையைக் காப்பாற்ற மாணவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

---

கருடன் மலை இயற்பியல்

விலை கொடுக்க வேண்டாம். ஆனால் இந்த வண்டியில் ஏற்கெனவே ஒருமுறை ஏறி இறங்கியாகிவிட்டது.

2011இல் ஸ்டான்போர்டின் செயற்கை அறிவுப் பாடத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் பதிவுசெய்தார்கள். மறு ஆண்டே கோர்சேரா, எட்எக்ஸ், யுடாசிட்டி என்ற மூன்று இணையப் பாடத் தளங்களும் களத்தில் இறங்கின. உலகமே மாறப்போகிறது என்று எழுதித் தள்ளினார்கள். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களில் சேர்ந்தவர்களுள் முடித்தவர்கள் 2017–18இல் 3.13 விழுக்காடு. 2021இல் எட்எக்ஸை 80 கோடி டாலருக்கு '2யு' என்ற நிறுவனம் வாங்கியது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது.

நான் இங்கே சொல்ல வந்தது சான் ஹொசே கதை. கலிபோர்னியாவில் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகம் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் இடம். ஹார்வர்டின் மைக்கேல் சான்டெல் நீதி பற்றி நடத்திய புகழ்பெற்ற வகுப்பின் பதிவைத் தங்கள் மாணவர்களுக்குப் பயன்படுத்துமாறு 2013இல் அங்கிருந்த தத்துவத் துறையிடம் சொன்னார்கள். துறையினர் மறுத்துவிட்டுச் சான்டெலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வசதியுள்ள பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு உயிருள்ள பேராசிரியர்கள் கிடைப்பார்கள், மற்ற இடங்களில் அவர்களுடைய பதிவு மட்டும் ஓடும், இப்படி இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகிவிடும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அந்தக் கடிதத்தில் கரும்பலகை வாசனை எங்கும் வீசவில்லை. யாருக்கு என்ன கிடைக்கும், யாருடைய செலவு குறையும் என்று நேராகக் கேட்டிருந்தார்கள். அதனால்தான் நாடு முழுக்கப் படித்தார்கள். நம் ஆட்கள் எழுதியிருந்தால் குருகுலத்தில் தொடங்கியிருப்பார்கள்!

அதே ஆண்டு அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு கணிதப் பாடங்களில் ஒரு சோதனை செய்தது. தேர்ச்சி மிகக் குறைவாக வந்ததால் சில மாதங்களில் நிறுத்திவைத்தார்கள்.

ஆறாம் செமஸ்டர் தம்பியின் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. விருப்பப்பட்டுத் தேடிப் போகிறவனுக்குக் காணொளி வரப்பிரசாதம். விருப்பத்தை உண்டாக்கும் வேலை அதற்குத் தெரியாது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் முதல் மாணவர்களோடு பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியபோதே வட்டாரம்தோறும் டியூட்டர்களை நியமித்தது. கோடையில் தங்கிப் படிக்கும் பள்ளி வைத்தது. ஒளிபரப்பை மட்டும் நம்பியிருந்தால் அது இத்தனை ஆண்டு நின்றிருக்காது.

---

தரவுக் கிடங்கு

3.13 விழுக்காடு என்பது நியாயமான அளவுகோல் இல்லை சார். நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு வைத்தவரையெல்லாம் 'படித்து முடிக்காதவர்' என்று கணக்கெடுப்பீர்களா? டியூட்டர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஐஐடி பட்டத்திலும் வாராவாரம் நேரலைச் சந்தேக வகுப்பு உண்டு. ஆனால் எங்களிடம் தளம் வாங்க வரும் கல்லூரி நிர்வாகங்களில் டியூட்டர் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. 'வருகைப்பதிவு தானாக விழுமா, கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது அறிக்கை எடுக்க முடியுமா' என்பதுதான் முதல் கேள்வி. இதை எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

---

நெறியாளர்

உரையாடல் நன்றாகப் போகிறது. சொந்த அனுபவத்தை எழுதும்போது கல்லூரிப் பெயர், ஆசிரியர் பெயர் வேண்டாம். ஒரு பதிவை அதற்காக நீக்கியிருக்கிறேன்.

---

வலிகாமம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். விரிவுரையாளராக இருக்கிறேன்.

எங்கள் மூத்தவர்களின் ஏக்கம் உங்களுடையதைவிடக் கடுமையானது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் பல ஆண்டுகள் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை அது. 'நாங்கள் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிப் படித்தோம், உங்களுக்கு ஸூம் கசக்குதோ' என்று ஒரு வார்த்தையில் மாணவரின் வாயை அடைத்துவிடுவார்கள். பட்ட துன்பம் உண்மை. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒருவர் பட்ட துன்பத்தை இன்னொருவரின் முறைப்பாட்டுக்கு மறுமொழியாக எத்தனை நாள் பாவிப்பது?

2020இல் பல்கலைக்கழகங்களை மூடியபோது பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் ஊடாக மாணவருக்குத் தரவுக் கட்டணம் இல்லாமல் ஸூம் விரிவுரைகளைக் கேட்க ஏற்பாடு செய்தார்கள். இந்தப் பிராந்தியத்தில் அது பெரிய காரியம், பாராட்ட வேண்டும். பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. எரிபொருள் இல்லாததால் பஸ் ஓடவில்லை, ஆகவே இணைய வழியில் படிப்பியுங்கள் என்றார்கள். மின்சாரம் இல்லாமல் இணையம் ஏது? நான் விரிவுரையை ஐந்தைந்து நிமிடக் குரல் பதிவுகளாகப் பிரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கூடவே இரண்டு பக்கக் குறிப்பு. மாணவர்கள் கரண்ட் வந்த நேரத்தில் இறக்கிவைத்து இருட்டில் கேட்டார்கள். பரீட்சை விடைகளைத் திருத்தியபோது ஸூம் காலத்து விடைகளைவிட அவை மோசமாக இல்லை. நவீன கருவி என்ற மயக்கம் எனக்கு அன்றோடு தெளிந்துவிட்டது.

கமரா பற்றியும் ஒரு சொல். மாணவர்கள் கமராவை நிறுத்திவைப்பதை அலட்சியம் என்று பலர் திட்டினார்கள். ஒரு மாணவி எனக்குத் தனியாக எழுதினாள்: வீட்டில் ஒரே அறை, பின்னால் அப்பப்பா கட்டிலில் படுத்திருக்கிறார், அதை வகுப்பு முழுக்கப் பார்க்க வேண்டாம் என்று. வளாகத்துக்கு வந்தால் எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள், யார் வீட்டில் எத்தனை அறை என்று தெரியாது. நேரடி வகுப்பைப் பற்றி ஏங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம். எங்கள் பேராசிரியர்கள் ஒருவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

---

தாமிரபரணிக் கணக்கு

வலிகாமம் அம்மா அல்லது ஐயா, கடைசிப் பத்திக்கு நன்றி. இதை நான் யோசித்ததே இல்லை.

டிப்போ பட்டதாரியிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தொடர்பு வகுப்புக்குச் சென்றவர்களில் எங்கள் துறை மூத்தவர்களும் உண்டு. தேநீர் இடைவேளையோடு திரும்பிவந்து அதைப் பெருமையாகச் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இப்போது விழா மேடையில் 'அர்ப்பணிப்பு' பற்றி அதிகம் பேசுகிறவர்களும் அவர்களே.

இனி வழி என்ன? காணொளியை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. வரையறையை முதல்முறை கேட்பதற்கு அது போதும். தம்பியைப் போல 0.75 வேகத்தில் கேட்கட்டும். வகுப்பு நேரத்தைப் பேனா நிற்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அறுபது பேரில் நின்ற பேனாவைத் தேட ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக 'பதிவுதான் இருக்கிறதே' என்று இரண்டு வகுப்பை ஒன்றாக்கிவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

---

கருடன் மலை இயற்பியல்

நேரக் கணக்கை எண்ணாகவே போடலாம். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கும் அசைன்மென்ட் என்ற சடங்கு செத்துப்போயிற்று. சென்ற பருவத்தில் எனக்கு வந்த கட்டுரைகளில் பாதி, நம் ஊர்ப் பிள்ளைகள் கனவிலும் எழுதாத ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு மாணவனை அழைத்து அவன் எழுதியதாகக் கொடுத்த ஒரு வரியைக் காட்டி, "இந்த 'என்ட்ரோபி' என்றால் என்னப்பா?" என்றேன். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்து, மேசையில் இருந்த வெந்நீர் டம்ளர் ஆறுவதை வைத்தே பேசினோம். புரிந்துகொண்டு போனான், கெட்டிக்காரப் பையன்தான்.

வாய்மொழித் தேர்வுதான் வழி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் சம்மதம். ஆளுக்குப் பத்து நிமிடம் வைத்தால் அறுபது பேருக்குப் பத்து மணி நேரம். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி சொல்லும் கற்பித்தல் பணிச்சுமை வாரம் 16 மணி. இந்தப் பத்து மணியை எந்தக் கால அட்டவணையில் எழுதுவார்கள்? காணொளி பதிவுசெய்ய ஆகும் நேரத்தை யார் கணக்கில் எடுத்தார்கள்? தொழில்நுட்பம் ஆசிரியருக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் சொல்லியிருக்கிறார்கள். மிச்சமான நேரத்தை வாங்கிக்கொண்டு போனவர் யார் என்று மட்டும் தெரியவில்லை.

---

ஆறாம் செமஸ்டர்

அந்த அரை மணி நேரம் எங்கள் கல்லூரியில் கிடைத்தால் சாட்ஜிபிடியிடம் போகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள் சார். இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்தால் அதனிடம்தான் கேட்கிறோம். தமிழில் கேட்டால் தமிழில் சொல்கிறது. சில நேரம் தப்பாகச் சொல்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நமக்குத் தெரிந்திருந்தால்தான் தப்பிக்கலாம்.

---

தாமிரபரணிக் கணக்கு

நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். சாக்பீஸ், குருகுலம், உயிர்த்துடிப்பு என்ற சொற்கள் அதில் இருக்காது. பதிவுசெய்யச் சம்மதம், ஆனால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் திரையில் தெரிய வேண்டும். பணியை விட்டுப் போனவரின் காணொளியை அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளாமல், ஊதியம் கொடுக்காமல் ஓட்டக் கூடாது. பாடத்திட்டமோ சட்டமோ மாறினால் அந்தப் பதிவு தளத்திலிருந்து இறங்க வேண்டும். காணொளியை ஒரு வகுப்பு நேரமாகக் கணக்கிட்டு ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. பதிவுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் ஆகும் நேரம் பணிச்சுமையில் சேர வேண்டும். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

---

டிப்போ பட்டதாரி

காணொளியின் கீழே சந்தேகம் கேட்டால் இத்தனை நாளுக்குள் ஒரு மனிதர் பதில் சொல்வார் என்று எழுதுங்கள். நாளைக் குறிப்பிடுங்கள், 'விரைவில்' என்று போடாதீர்கள்.

---

தரவுக் கிடங்கு

காலாவதித் தேதி விஷயத்தில் தொழில்நுட்பத் தடை என்று யாராவது சாக்குச் சொன்னால் நம்பாதீர்கள். கல்லூரிகள் பயன்படுத்தும் மூடில் என்ற கற்பித்தல் மென்பொருளில் ஒவ்வொரு பாடப்பொருளுக்கும் எந்தத் தேதி வரை தெரியலாம் என்று வைக்கும் வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தத் தேதி தாண்டினால் மாணவருக்குத் தானாக மறைந்துவிடும். அமைப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

---

பிரிவேளைக் கூலி

அரை நிமிட வேலையா? நல்லது. மனுவில் கையெழுத்துப் போட ஒப்பந்த ஆசிரியர்களையும் கூப்பிடுவீர்களா ஐயா? ஆசிரியர் சங்கக் கூட்டம் நடக்கும்போது எங்களைத் தேர்வுக்கூடக் கண்காணிப்புக்கு அனுப்பிவிடுவது வழக்கம்.

---

தாமிரபரணிக் கணக்கு

கூப்பிடுகிறேன். கூட்டத்தை மதிய இடைவேளையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த நேரத்தில் தேர்வு கிடையாது. டிப்போ பட்டதாரி சொன்ன நாள் கணக்கை மூன்று வேலைநாள் என்று போடலாமா, ஐந்து என்று போடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் வரைவை இங்கேயே பதிவிடுகிறேன்.